உறையில் எழுதிய 1-0-1

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சமூகப்பணி முதுகலை படிக்கிறார். தன் தெருவிலேயே நூறு வீடுகளில் சர்வே எடுத்து ஆய்வேடு கொடுக்க வேண்டுமாம். "ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில் இருக்கிறது, எல்லாம் இலவசம். அப்படியிருந்தும் எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதிலேயே கிட்னி போச்சு, கால் விரலை எடுத்தாச்சு என்கிறார்கள். படிப்பு குறைவு, அதனால் விழிப்புணர்வு இல்லை என்கிறார் என் கைடு. கேள்வித்தாளையும் அதை வைத்தே தயாரித்திருக்கிறேன். சரிதானா?"

பாதி சரி, தம்பி. படிப்புக்கும் உடம்புக்கும் தொடர்பு இருப்பது உண்மை. உலகத்தில் எந்த ஊரில் எண்ணிப் பார்த்தாலும் அது தெரிகிறது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், பள்ளிக்கே போகாத தாய்மார்களின் குழந்தைகளில் 46 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த தாய்மார்களின் குழந்தைகளில் அது 26 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் 'விழிப்புணர்வு' என்று ஒரு பாலம் போடுகிறார் பாருங்கள் உங்கள் கைடு, அதில்தான் எனக்குச் சண்டை. முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அரசு மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்தேன். அதில் பெரும்பகுதி வட சென்னைதான். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நீட்டிய கைகளைப் பார்த்துப் பார்த்து அந்த வார்த்தையே பிடிக்காமல் போய்விட்டது.

காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடையில் மீன் விற்கிற ஒரு அக்கா. புதிதாக சுகர் கண்டுபிடித்திருந்தார்கள். டாக்டர் கிளிபென்கிளமைடு எழுதியிருந்தார், 1-0-1 என்று. காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. வழக்கம்போல அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டேன். உறை மேலே 1-0-1 என்று கிறுக்கி, "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். பின்னால் வரிசையில் அறுபது பேர். ஒரு ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

அந்த அக்காவுக்குக் காலை என்றால் விடியற்காலை இரண்டரை மணி. எழுந்ததும் ஒரு டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுவார். சோறோ இட்லியோ வாயில் படுவது சரக்கு விற்று முடித்த பிறகு, பத்து மணிக்கு மேல்தான். மூன்றாம் நாள் ஏலம் நடக்கிற இடத்திலேயே வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். சுகர் இறங்கிவிட்டது. யாரோ கலர் வாங்கிக் குடிக்கவைத்துத் தெளியவைத்திருக்கிறார்கள். அதோடு மாத்திரையை விட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். "அந்த மாத்திர என்ன சாச்சிட்ச்சு சார், அதான் போடல" என்றார். அவருடைய சீட்டில் அன்றைக்கு எழுதியது: 'மருந்து ஒழுங்காக உட்கொள்வதில்லை.'

கிட்டத்தட்ட அதே நாட்களில் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் அதே மாத்திரைக்கு வந்தார். "சார், நான் இன்டர்வெல்லில்தான் டிபன் சாப்பிடுவேன். இதை எப்போது போடுவது?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலை விட்டு நகரவேயில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் டாக்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டு, உறையில் மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

கிளிபென்கிளமைடைப் பற்றி மீன்கார அக்காவுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் டீச்சருக்கும் தெரியும். ஆனால் கேட்கலாம் என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. கேட்டால் இந்த ஆள் பதில் சொல்வான் என்பதும் தெரிந்திருந்தது. மீன்கார அக்கா கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "நகரும்மா, அடுத்தவங்கள விடு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதை எனக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொன்ன ஒருவர் இருக்கிறார். ஜான் கால்டுவெல், ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர். நம் மொழியாராய்ச்சிக் கால்டுவெல் வேறு, இவர் வேறு. தாய் படித்திருந்தால் பிள்ளை ஏன் பிழைக்கிறது என்று நைஜீரியத் தரவுகளை வைத்து 1979ல் எழுதினார். அதற்கு முன் அங்கே நடந்த ஒரு ஆய்விலிருந்து அவர் எடுத்துக்காட்டும் எண்கள் எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி மட்டும் பக்கத்தில் இருந்து தாய் படிக்காதவராக இருந்தால், இரண்டும் இல்லாத இடத்தைவிட, பிறக்கிற குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 20 சதவீதம் கூடியது. ஆஸ்பத்திரி இல்லாமல் தாயின் படிப்பு மட்டும் இருந்தால் 33. இரண்டும் இருந்தால் 87. இருபதையும் முப்பத்து மூன்றையும் கூட்டினால் ஐம்பத்து மூன்றுதானே வரவேண்டும்? மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். படித்த தாய்க்குக் கிருமியைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும் என்பதைக் கால்டுவெல் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு ஜுரம் என்றால் மாமியாரைக் கேட்காமல் அவளே தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள், மருந்து கேட்கவில்லை என்றால் திரும்ப வந்து 'கேட்கவில்லை' என்று சொல்கிறாள், அங்கே இருப்பவர்களும் அவள் சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள் என்பதைத்தான் பெரிதாகச் சொன்னார்.

அந்தத் 'திரும்ப வருவது' சாதாரணமாகத் தெரியும். ஜன்னலில் நின்றவனைக் கேளுங்கள். திரும்ப வருபவர்தான் பிழைப்பார். உங்கள் தெருவில் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அந்த 87க்கு ஒரு கால் அது என்றால் இன்னொரு காலும் வேண்டும். திரும்ப வருவதற்கு ஒரு நாள் கூலி ஆகிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டுக்குக் காலை ஏழு மணிக்கு வரிசை, டாக்டரைப் பார்க்கப் பத்து, ரத்தம் கொடுக்கப் பதினொன்று, ரிசல்ட் நாளைக்கு, மருந்துக்கு இன்னொரு வரிசை. இலவசம்தான், காசு கேட்க மாட்டார்கள். சுமை தூக்குகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் அது இரண்டு நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு அரை நாள் லீவு.

இன்னொன்று. இது ஏழை, பணக்காரன் என்று இரண்டு பெட்டியில் அடங்குகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் 1967ல் தொடங்கி சுமார் 18,000 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மைக்கேல் மார்மட் என்ற டாக்டரின் பெயர் இதில் அடிபடும். எல்லோரும் நிரந்தர வேலையில் இருந்த ஆண்கள், எல்லோருக்கும் இலவச மருத்துவம். பட்டினி கிடந்தவர் யாருமில்லை. இருந்தும் பத்து வருடத்தில், மேல்தட்டு அதிகாரிகளைவிட அடிமட்டத்தில் இருந்த கடைநிலை ஊழியர்கள் சாவது சுமார் மூன்று மடங்கு அதிகம். இடையில் இருந்த குமாஸ்தாக்கள் இடையில் இருந்தார்கள். படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வித்தியாசம். சிகரெட், கொழுப்பு, பி.பி. எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்தாலும், மாரடைப்பில் இருந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அவை விளக்கம் சொல்லின. மிச்சத்துக்கு, தன் வேலை தன் கையில் இல்லாத நிலையைக் காரணங்களில் ஒன்றாகப் பின்னால் காட்டினார்கள். எப்போது சாப்பிடுவது, எப்போது உட்காருவது, எப்போது சிறுநீர் கழிக்கப் போவது என்பதையெல்லாம் மேஸ்திரி முடிவு செய்கிற வேலையில் இருப்பவரிடம் போய் நாம் "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி" என்கிறோம்.

சுகருக்கே வருவோம், அதில் நம் பகுதிக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. இந்தியாவில் முதல் சர்க்கரை நோய்க் கிளினிக்கை 1948ல் ஸ்டான்லியில்தான் டாக்டர் எம்.விஸ்வநாதன் ஆரம்பித்தார். 1954ல் ராயபுரத்தில் இதற்கென்றே ஆஸ்பத்திரியும் கட்டினார். அந்தக் காலத்தில் இது பணக்காரர் வியாதி. உட்கார்ந்து தின்பவருக்கு வருவது என்று எங்கள் ஆயா சொல்லும். ஊரும் அப்படித்தான் பேசியது. 2017ல் பதினைந்து மாநிலங்களின் கணக்கை வெளியிட்டார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் வசதியானவர்களிடம்தான் சுகர் அதிகம். ஆனால் தமிழ்நாடு போன்ற வசதியான மாநிலங்களின் நகரங்களில் மட்டும் அது தலைகீழ், வசதி குறைந்தவர்களிடம் அதிகம். வியாதி மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. இந்த மாதிரி நோய்கள் பலவும் முதலில் வசதியானவரைப் பிடிக்கின்றன. அவர் தெரிந்துகொண்டு ஒதுங்கிவிடுகிறார், நடைப்பயிற்சி, சிறுதானியம் என்று போய்விடுகிறார். ரேஷன் அரிசியும், வேலைக்கு நடுவில் வயிற்றை அடைக்கிற டீ பன்னும் இருக்கிற இடத்தில் அது தங்கிவிடுகிறது. சிறுதானியம் கிலோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் விழிப்புணர்வைப் பற்றிப் பேசலாம்.

2020ல் மாநில அளவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பி.பி. இருப்பவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சுகரில் பதினொன்று. மருந்து இல்லாத மாநிலமா நாம்? 1994ல், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு அரசு மருந்தகத்தில் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்வது எவ்வளவு குறைந்தது என்பதை அதற்கு முன்பும் பின்பும் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மாத்திரை அலமாரியில் இருந்தது, உடம்புக்குள் போகவில்லை. அதனால்தான் 2021 ஆகஸ்டில், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். குறை சொல்ல நிறைய இருக்கிறது, வீட்டுக்கு வருகிற நேரத்தில் ஆள் வேலைக்குப் போயிருப்பார் என்பது முதல் குறை. ஆனாலும், அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு அந்த ஒரு நாள் கூலியைக் காப்பாற்றிக் கொடுப்பது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

காசநோயைப் பற்றி எழுதாமல் வட சென்னையைப் பற்றி எழுத முடியாது. 1956ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் டி.பி. என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. சென்னையின் நெருக்கடியான ஏழைப் பகுதி நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை மருந்தோடு அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர்கள் ஒரே அறையில் ஆறேழு பேரோடு படுத்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் எடுக்கவில்லை. 1959ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் ஊர் ஏழைகள்தான் சாட்சி.

நல்ல செய்திதான். ஆனால் அதிலிருந்து 'சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும்' என்று ஒரு பழக்கம் கிளம்பி, நாங்களும் அப்படியே வேலை செய்தோம். நோய் வந்தவனைக் குணப்படுத்த மாத்திரை போதும். அதே வீட்டில் அடுத்தவனுக்கு வராமல் இருக்க? அதற்குப் பதில் 2023ல்தான் வந்தது. சேத்துப்பட்டுக்காரர்களும் சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு. நோயாளி வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதில் ஆரம்பித்த இடம் அது. வைத்தியம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் படிப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. 2009ல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது மணலி அதில் இருந்தது. சுத்திகரிப்பு ஆலை, உரம், எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், இந்தப் பக்கம் கொடுங்கையூர்க் குப்பைமேடு. எம்.ஏ. படித்தவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மூச்சுக்குழாய் ஒன்றுதான். ஆனால் எம்.ஏ. படித்தவர் வேலை கிடைத்ததும் அம்பத்தூருக்கோ மேடவாக்கத்துக்கோ வீடு மாறிவிடுகிறார். என் அக்கா பிள்ளைகளே அப்படித்தான். அதனால் உங்கள் சர்வேயில் ஒரு சிக்கல் வரும், தம்பி. தெருவில் இப்போது இருப்பவர்களை மட்டும் எண்ணினால், படித்து முன்னேறிப் போய்விட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். முன்பு அந்த வீட்டில் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று ஒரு வரி கேட்டு வையுங்கள்.

அம்பு எதிர்ப்பக்கமும் பாயும், உடம்பு கெட்டால் படிப்பும் நிற்கும் என்பதையும் உங்கள் கைடு சொல்லியிருக்க மாட்டார். பதினாலு வயதிருக்கும், ஒரு பெண் மாதாமாதம் அப்பாவுடைய சீட்டோடு வரும். எப்போதும் வாரநாள், எப்போதும் யூனிஃபார்ம். பையில் புத்தகம், கையில் மஞ்சள் பை. அப்பாவுக்கு பி.பி. ஏறிப் பக்கவாதம், அம்மா வீட்டுவேலைக்குப் போகிறவர். மருந்து வாங்கிக்கொண்டு மூன்றாவது பீரியடுக்குப் போய்விடுவேன் என்று சொல்லும். அந்தப் பெண்ணுக்கு நான் 1-0-1 சொல்ல வேண்டியதில்லை, எனக்கே அது சொல்லும்: "சார், போன மாசம் வெள்ளை மாத்திரை சின்னதா இருந்தது, இது பெருசா இருக்கு, அதேதானா?" அடுத்த வருடம் யூனிஃபார்ம் இல்லாமல் வந்தது. பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பதினைந்து வருடம் கழித்து ஒருவர் கணக்கெடுக்க வந்து, அந்தப் பெண்ணின் பிள்ளையை எடை போட்டுப் பார்த்து, 'தாயின் கல்வி: எட்டாம் வகுப்பு' என்று எழுதிக்கொண்டு போவார். தாத்தாவின் பி.பி. அந்தப் படிவத்தில் எங்கேயும் இருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றும் மாறாது என்று சோர்ந்துவிடாதீர்கள். பிரசவத்தைப் பாருங்கள். முன்னால் சொன்ன 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம். படித்தவர், படிக்காதவர் என்ற இடைவெளி அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எல்லாத் தாயையும் படிக்கவைத்துவிட்டா இது நடந்தது? கர்ப்பம் என்று தெரிந்ததும் நர்சம்மா வீடு தேடி வந்தார், பதிவு நம்பர் போட்டார், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியுமாக 18,000 ரூபாய் கிடைத்தது, ஆர்.எஸ்.ஆர்.எம்.மில் படுக்கை இருந்தது. கேட்கத் தெரியாதவரிடமும் கேட்டுக் கொடுத்தார்கள். பள்ளிச் சாப்பாடும் அந்த ரகம். பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்குப் பெயராக நிற்கிற தியாகராயர்தான் 1920ல், மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடச் சொன்னவர். படிப்புக்குச் சோறா, உடம்புக்குச் சோறா என்று அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதே தமிழ்நாட்டில், அதே கணக்கெடுப்பில், பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவம் ஒரு நாள் காரியம், ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது. ரத்தம் ஊறுவது தினசரி காரியம், அது வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்பதில் போய் நிற்கிறது.

இனி உங்கள் கேள்வித்தாள். நீங்கள் அனுப்பியதில் நாலாவது கேள்வி, 'சர்க்கரை நோயின் அறிகுறிகள் உங்களுக்குத் தெரியுமா?' அதை எடுத்துவிடுங்கள். எல்லோரும் தெரியும் என்பார்கள், டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பதில் மாத்திரை உறையை எடுத்துவரச் சொல்லுங்கள். இதை எப்படிப் போடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு அப்படியே எழுதுங்கள். போன மாதம் எத்தனை நாள் மாத்திரை இல்லாமல் போனது, ஏன்? ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போன அன்று எத்தனை மணி நேரம் ஆனது, அன்றைய கூலி எவ்வளவு? டாக்டரிடம் நீங்களாக ஏதாவது கேட்டீர்களா, என்ன பதில் வந்தது? 'எத்தனாவது வரை படித்தீர்கள்' என்பதோடு 'ஏன் நிறுத்தினீர்கள்' என்பதையும் சேருங்கள். முதல் கேள்வியாக வைக்காதீர்கள், கடைசியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் முகம் சுருங்கிவிடும், அப்புறம் எல்லாவற்றுக்கும் "தெரியும் சார்"தான்.

காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டாதீர்கள். மீன் வேலைக்குப் போகிற வீடுகளில் அப்போதுதான் வந்து சாப்பிட்டுக் கண்ணை மூடியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், அன்றைக்குத்தான் காசிமேட்டில் வியாபாரம். சாயந்திரம் ஐந்து, ஐந்தரைக்குத் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது போங்கள், பேனாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு.